மஞ்சள் பீப்பா

ஈஸ்வரி: ...அந்த உப்புச் சாக்கை இஞ்சால இழுங்கோ எண்டு எவ்வளவு நேரமாக் கத்துறன். நீங்கள் அங்கால பார்த்துக்கொண்டு நிக்கிறியள்.

குலசிங்கம்: ஐஸ் கொம்பனி மெசின் சத்தம் கேட்குதோ எண்டு காது குடுத்தனான்.

ஈஸ்வரி: கேட்குதோ?

குலசிங்கம்: இல்லை.

ஈஸ்வரி: கேட்காது. விடிய நிண்ட கரண்ட், பின்னேரம்தான் வருமாம். அதுக்கிடையில இவ்வளவு சூரை மீனும் நாறிப்போம். வாங்கோ, வந்து இருந்து வெட்டுங்கோ.

குலசிங்கம்: நீ வெட்டு. நான் தண்ணி அள்ளித் தாறன்.

ஈஸ்வரி: தண்ணி இருக்கு. கைதான் காணாது.

குலசிங்கம்: நீ வெட்டன் ஈஸ்வரி...

ஈஸ்வரி: இந்தச் சல்லிக் கடற்கரையில பிறந்த மனுசன். மூண்டு வருசம் ஜேர்மனியில இருந்திட்டு வந்த உடன மீன் நாறுதோ?

குலசிங்கம்: அதில்லை.

ஈஸ்வரி: அப்ப என்ன? கடலுக்குப் போறியள், வலை இழுக்கிறியள். கொண்டுவந்த மீனை வெட்டச் சொன்னா மட்டும் கையைப் பின்னுக்குக் கட்டுறியள். வீட்டில மலருக்கு ஒரு வாய் சோறு தீத்தச் சொன்னாலும் கை இல்லை.

குலசிங்கம்: அவள் பள்ளிக்கூடம் போற பிள்ளை. தானாச் சாப்பிடுவாள்தானே.

ஈஸ்வரி: கேட்டாள் உங்கட மகள். 'அப்பாவுக்குக் கையில வருத்தமோ அம்மா' எண்டு.

குலசிங்கம்: ...நீ என்ன சொன்னனி?

ஈஸ்வரி: ஓம் எண்டன். வேற என்னத்தைச் சொல்ல? காகத்தைக் கலையுங்கோ. அதுக்காவது கை வருதோ பார்ப்பம்.

குலசிங்கம்: சூ! சூ!... உன்ட தம்பியைக் கூப்பிட்டா வெட்டுவான்தானே. கதிரவேலைக் கண்டு கிழமைக் கணக்காச்சு.

ஈஸ்வரி: அவன்... அவன் கொழும்பில எல்லோ நிக்கிறான். பாஸ்போட் அலுவலா. சொன்னனான்தானே.

குலசிங்கம்: இன்னும் முடியேல்லையோ?

ஈஸ்வரி: இன்னும் முடியேல்லை. இந்தக் கத்தி மொட்டை. அந்தச் சின்னனைத் தாங்கோ.

குலசிங்கம்: முடியாம இருந்தா நல்லம்.

ஈஸ்வரி: என்ன சொன்னனீங்கள்?

குலசிங்கம்: ஒண்டுமில்லை. கத்தியைப் பிடி.

ஈஸ்வரி: எனக்குக் கேட்டது. அவன்ட மீன்வாடி கலவரத்தில எரிஞ்சு, வலை எரிஞ்சு, இப்ப ஆரின்டயோ தோணியில கூலிக்குப் போறான். இருவது வயசுப் பெடியன். அவன் ஒரு வழிக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கேல்லை.

குலசிங்கம்: நான் அப்பிடிச் சொல்லேல்லை.

ஈஸ்வரி: சொல்லத் தேவையில்லை. வந்து இறங்கின நாளில இருந்து கேட்டனான். 'உங்களோட ஒரே அறையில இருந்தவர்தானே தங்கத்துரை அண்ணன், அவரிட்ட ஒரு வார்த்தை சொல்லி விடுங்கோ, தம்பியை எடுப்பிக்கலாம்' எண்டு. ஒருக்கா எண்டாலும் சரி எண்டனீங்களோ?

குலசிங்கம்: அங்க இப்ப வேலை இல்லை எண்டு சொன்னனான்.

ஈஸ்வரி: ஓம். வேலை இல்லை, குளிர் கூட, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது... ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு.

குலசிங்கம்: இப்ப கொஞ்ச நாளா நீ கேக்கிறதில்லை.

ஈஸ்வரி: கேட்டு அலுத்துப்போனன்.

கலீலுர் றஹ்மான்: தங்கச்சி! புள்ள ஈஸ்வரி! ...ஆ, மச்சானும் இஞ்சதானா?

ஈஸ்வரி: வாங்கோ நானா. உங்கட லொறிச் சத்தம் கேட்கேல்லையே.

கலீலுர் றஹ்மான்: றோட்டுல விட்டுட்டு நடந்து வாறன். மணல்ல புதைஞ்சா ஆரு தள்ளுற?

ஈஸ்வரி: ஐஸ் கொண்டந்தனீங்களோ?

கலீலுர் றஹ்மான்: எங்கால ஐஸ்? கிண்ணியாவுல இருந்து வரக்குள்ள துறைமுகத்தடி, மாக்கெட், எல்லா இடமும் கேட்டுட்டன். ஒரு கட்டி இல்ல. இண்டைக்குப் பச்ச மீன் எடுக்க ஏலா புள்ள. கருவாடாப் போடுங்க, காய்ஞ்ச பொறகு வந்து எடுக்கிறன்.

குலசிங்கம்: கருவாட்டுக்கு என்ன விலை வரும் நானா? எல்லாரும் இண்டைக்குக் கருவாடுதான் போடுவினம்.

கலீலுர் றஹ்மான்: அதுதான் மச்சான். கரை முழுக்க உப்பு வாசம். என்ன செய்யுற? மலைநாட்டுல மழை இல்லயாம். அங்க மழை பெய்யாட்டி இஞ்ச நம்மட மீன் நாறுது. என்ன கரண்டோ!

ஈஸ்வரி: கடலோரத்தில இருந்துகொண்டு மலையில மழை வரவேணும் எண்டு கும்பிட வேண்டிக் கிடக்கு.

கலீலுர் றஹ்மான்: இதுக்கு ஒரு வழி இருக்காம் தங்கச்சி. டவுன்ல தேத்தண்ணிக் கடையில ஒரு மாஸ்டர் பேப்பர வச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டு இருந்தார். அணுக் கரண்டாம். மழையும் தேவல்ல, எண்ணெயும் தேவல்ல. ஏதோ ஒரு சாமானக் கொஞ்சம் உள்ளுக்குப் போட்டாக் காணுமாம். வருசக் கணக்கா எரியுமாம்.

ஈஸ்வரி: மெய்யோ?

கலீலுர் றஹ்மான்: அவர் சொன்னார். கடல் தண்ணி பக்கத்துல வேணுமாம் சூடு ஆத்துறதுக்கு. அப்ப பக்கத்துல இருந்த ஆள் சொல்றார், 'எங்கட திருகோணமலையிலதான் ஒரு நாளைக்குக் கட்டுவாங்க' எண்டு. ஒருத்தர் குச்சவெளிப் பக்கம் எண்டார். மத்தவர் கப்பல்துறைப் பக்கம் எண்டார். கொஞ்ச நேரத்துல சண்டை பிடிக்கப் பாத்தாங்க.

ஈஸ்வரி: கட்டினா நல்லந்தானே நானா. ஐஸ் நிக்காது. பெடியங்களுக்கு வேலையும் வரும்.

கலீலுர் றஹ்மான்: கடைக்காரர் சொன்னார், கதையோட நிக்கும், கட்ட மாட்டாங்க எண்டு. மச்சான் கண்டிருப்பீங்களே? ஜேர்மனியில கட்டி வச்சிருக்கானாமே?

குலசிங்கம்: ...தூரத்தில கண்டிருக்கிறன்.

கலீலுர் றஹ்மான்: எப்பிடி? புகை வருமா?

குலசிங்கம்: புகை இல்லை. மேல வெள்ளையா ஆவி போகும். அவ்வளவுதான்.

கலீலுர் றஹ்மான்: கடல்ல மீன் என்னாகும்? அதுதான் என்ட கேள்வி. மாஸ்டருக்கு அது தெரியல்ல.

குலசிங்கம்: எனக்கென்ன தெரியும் நானா? நான் கார்க் கொம்பனியில நிண்ட ஆள்.

கலீலுர் றஹ்மான்: அதுவும் சரிதான். சரி, நான் வாறன். மூதூர்ல எங்கயாவது ஐஸ் இருக்குமா எண்டு ஒருக்காப் பாக்கணும். தங்கச்சி, தம்பி நல்லபடியாப் போய்ச் சேர்ந்–

ஈஸ்வரி: நானா, நாய்! நாய் மீனை இழுக்குது, கலையுங்கோ!

கலீலுர் றஹ்மான்: எங்க? எங்க புள்ள?

ஈஸ்வரி: ஓடிட்டுது. நீங்கள் வெளிக்கிடுங்கோ நானா. வெயில் ஏறுது, மூதூர் தூரம்.

கலீலுர் றஹ்மான்: ...ஓ. ஓம், ஓம். வாறன் மச்சான். வாறன் தங்கச்சி.

குலசிங்கம்: நாயை நான் காணேல்லையே.

ஈஸ்வரி: நீங்கள் எதைத்தான் காணுறியள்?

குலசிங்கம்: தம்பியைப் பற்றி என்னவோ கேட்டார்.

ஈஸ்வரி: கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தானோ எண்டுதான். அண்டைக்கு ஸ்ரேசனுக்கு லொறியில ஏத்திக்கொண்டு போய் விட்டவர் அவர்தானே.

குலசிங்கம்: அவரின்ட முகம் ஒரு மாதிரிப் போச்சு.

ஈஸ்வரி: வெறும் லொறியோட திரும்புற மனுசன்ட முகம் வேற எப்பிடி இருக்கும்? உப்பைப் போடுங்கோ. தொட ஏலாட்டிச் சிரட்டையால அள்ளிப் போடுங்கோ... ஆனா உங்கட முகமும் ஒரு மாதிரித்தான் போச்சு.

குலசிங்கம்: எப்ப?

ஈஸ்வரி: அந்த அணுக் கரண்டைக் கேட்கேக்க.

குலசிங்கம்: வெயில்.

ஈஸ்வரி: வெயில்தான். எல்லாத்துக்கும் வெயில்தான். வந்து நாலு மாசமாப் பாயை விறாந்தையில போட்டுப் படுக்கிறியள், அதுவும் வெயில்தான். இரவில எங்கால வெயில்?

குலசிங்கம்: புழுக்கம் எண்டு சொன்னனான்.

ஈஸ்வரி: ஒண்டு கேக்கிறன். கோவிக்க மாட்டன், அழவும் மாட்டன். அழ இப்ப எனக்குத் தென்பு இல்லை. அங்க ஆரும் இருக்கினமோ?

குலசிங்கம்: ஆர்?

ஈஸ்வரி: ஒரு பொம்பிளை. வெள்ளைக்காரி.

குலசிங்கம்: ஐயோ ஈஸ்வரி... என்ட மூஞ்சையை வெள்ளைக்காரி பார்க்கிறதோ?

ஈஸ்வரி: பகிடி விடாதேங்கோ. மோதிரம் எங்க?

குலசிங்கம்: அதைச் சொன்னனான். குளிக்கேக்க கழண்டு தண்ணி போற ஓட்டைக்குள்ள போயிட்டுது.

ஈஸ்வரி: கலியாணத்தண்டு அந்த மோதிரத்தைச் சவுக்காரம் போட்டு உங்கட விரலில ஏத்தினது நான். சபையே பார்த்துச் சிரிச்சது. அது தானாக் கழராது. ஆரோ கழட்டியிருக்கினம், இல்லாட்டி நீங்கள் கழட்டியிருக்கிறியள். சொல்லுங்கோ. ஓம் எண்டாலும் சொல்லுங்கோ. நாலு மாசமா நானே சொல்லிச் சொல்லிப் பார்த்திட்டன். கேட்க இப்ப பெரிசா நோகாது.

குலசிங்கம்: வெட்டி எடுத்தாங்கள்.

ஈஸ்வரி: என்னத்தை?

குலசிங்கம்: மோதிரத்தை. சின்ன வாளால அறுத்து. விரலில பட்டுடாமல் மெல்ல மெல்ல.

ஈஸ்வரி: ஆர்? கள்ளரோ?

குலசிங்கம்: கள்ளர் இல்லை. வேலைத்தலத்தில.

ஈஸ்வரி: கார்க் கொம்பனியில ஏன் மோதிரத்தை அறுக்கிறாங்கள்?

குலசிங்கம்: கார்க் கொம்பனி இல்லை ஈஸ்வரி... நான் ஒரு நாளும் கார்க் கொம்பனியில வேலை செய்யேல்லை.

ஈஸ்வரி: அப்ப?

குலசிங்கம்: நானா சொன்னாரே, அது. அணுக் கரண்ட். அங்கதான் நிண்டனான்.

ஈஸ்வரி: ...நீங்களோ? அங்க படிச்ச ஆக்கள் எல்லோ வேலை செய்வினம்?

குலசிங்கம்: படிச்ச ஆக்களும் இருக்கினம். துப்பரவு செய்யவும் ஆள் வேணும்தானே.

ஈஸ்வரி: அதை ஏன் மறைச்சனீங்கள்? துப்பரவு வேலை எண்டு வெட்கமோ?

குலசிங்கம்: முதல்ல வெட்கம்தான்... பேந்து பயம்.

ஈஸ்வரி: என்ன பயம்? வெடிக்குமோ அது?

குலசிங்கம்: அப்பிடி இல்லை. எப்பிடிச் சொல்ல... நீ நினைக்கிற மாதிரி அது பயங்கரமான இடம் இல்லை. முதல் நாள் நான் நினைச்சன் ஆஸ்பத்திரிக்கு வந்திட்டன் எண்டு. அவ்வளவு துப்பரவு. வாசலில பூக்கண்டு. நிலத்தில முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமையில சனம் பிள்ளையளோட வந்து மதிலுக்கு வெளியால புல்லில இருந்து சாப்பிடும்.

ஈஸ்வரி: அப்ப நல்ல இடம்தானே.

குலசிங்கம்: நல்ல இடம்தான். நான் நிண்ட காலத்தில அந்த ஊரில ஒரு நாள் எண்டாலும் கரண்ட் நிண்டதை நான் காணேல்லை. கரிப் புகை இல்லை, கூரையில கரி இல்லை. ஆஸ்பத்திரியில மாதம் காணாமப் பிறந்த பிள்ளையளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள சூட்டில வச்சு வளர்க்கிறாங்கள். இரவு பகலா அதுக்குக் கரண்ட் வேணும். ஒருக்கா யன்னலால பார்த்தனான். கையளவு பிள்ளையள்.

ஈஸ்வரி: ...எங்கட சின்னவனும் அப்பிடிக் கையளவாத்தான் பிறந்தவன். தங்கேல்லை.

குலசிங்கம்: ஓம். அவனைத்தான் நினைச்சனான். அண்டைக்கு நினைச்சன், நான் செய்யிறது நல்ல வேலை எண்டு. மெய்யாத்தான் நினைச்சன்.

ஈஸ்வரி: பிறகேன் பயம்?

குலசிங்கம்: வருசத்தில ஒருக்கா அதை நிப்பாட்டித் திருத்துவாங்கள். அப்பத்தான் எங்களைக் கூப்பிடுறது. விடிய ஒரு வான் வரும். துருக்கிக்காரர், ஆபிரிக்காக்காரர், நாங்கள். உடுப்பு எல்லாம் கழட்டி வேற உடுப்பு. அதுக்கு மேல இன்னொண்டு. ரெண்டு சோடி கையுறை. முகத்துக்கு மூடி. நெஞ்சில ஒரு பேனை மாதிரி ஒண்டு குத்தி விடுவாங்கள்.

ஈஸ்வரி: எழுதவோ?

குலசிங்கம்: எழுத இல்லை. வெளிச்சத்துக்குப் பிடிச்சு அதுக்குள்ள பார்த்தா ஒரு மயிர் மாதிரிக் கோடு தெரியும். அந்தக் கோடு நகர்ந்து நகர்ந்து ஒரு இடத்துக்கு வந்தா நீ வெளிய வரவேணும்.

ஈஸ்வரி: என்னத்தால நகருது?

குலசிங்கம்: அதுதான் தெரியாது. கண்ணுக்குத் தெரியாது. மணம் இல்லை, சூடு இல்லை, நோவு இல்லை. கடல் கோவிச்சா எங்களுக்குத் தெரியும்தானே? காத்து மாறும், தண்ணி நிறம் மாறும். இது ஒண்டும் மாறாது. அந்தக் கோடு மட்டும் நகரும்.

ஈஸ்வரி: ...உடம்புக்குள்ள போறதோ?

குலசிங்கம்: உடம்புக்குள்ளால போறது. பெரிய அண்டா மாதிரி ஒண்டு இருக்கும். ஆள் ஒருத்தன் நுழையிற ஓட்டை. உள்ளுக்குப் போய் ஒரு மூடியைப் பூட்டிப்போட்டு வெளிய ஓடிவரவேணும். ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரம்கூட இல்லை. பிறகு அடுத்த ஆள். அடுத்த ஆள்.

ஈஸ்வரி: ஒரு வேலைக்கு ஏன் அவ்வளவு பேர்?

குலசிங்கம்: ஒருத்தன் கனநேரம் நிக்க ஏலாது. அவங்கட இஞ்சினியர்மார் நல்ல மனுசர்தான், கண்டா வணக்கம் சொல்லுவாங்கள். ஆனா அவங்கள் உள்ளுக்குப் போக மாட்டாங்கள். ஒவ்வொருத்தனுக்கும் இவ்வளவுதான் எண்டு ஒரு அளவு இருக்கு. அவங்கட அளவு முடிஞ்சா அவங்கள் வருசம் முழுக்க வேலை செய்ய ஏலாது. எங்கட அளவு முடிஞ்சா வீட்டை அனுப்பிப்போட்டு வேற ஆளைக் கூப்பிடலாம்.

ஈஸ்வரி: இதைச் சொல்லி வேலைக்கு எடுத்தவங்களோ?

குலசிங்கம்: ஒரு வகுப்பு நடத்தினாங்கள். ஜேர்மன் பாஷையில. நாங்கள் தலையாட்டினம்.

ஈஸ்வரி: ...மீனுக்கு மேல அந்த மூடியை இழுங்கோ. ஈ மொய்க்குது.

குலசிங்கம்: நானா கேட்டாரே, மீன் என்னாகும் எண்டு. எனக்கு அது தெரியும். அவருக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான்.

ஈஸ்வரி: செத்துப்போமோ?

குலசிங்கம்: முதல்ல சந்தோசப்படும். சூடு ஆத்தின தண்ணியை ஆத்துக்குள்ளதான் விடுவாங்கள். பனிகாலத்தில எல்லா இடமும் உறைஞ்சு கிடக்க, அந்த வாயில மட்டும் தண்ணி இளஞ்சூடா இருக்கும். மீன் எல்லாம் அங்க வந்து குவியும். எனக்குக் கை துடிக்கும், ஒரு வீச்சு வலை இருந்தா எண்டு. ஒரு நாள் சடுதியா மெசின் நிண்டுது. என்னவோ சின்னப் பழுது. தண்ணி ஒரேயடியாக் குளிர்ந்துபோச்சு. அடுத்த நாள் விடிய ஆத்தங்கரை முழுக்க வெள்ளை. வயிறு மேல.

ஈஸ்வரி: முருகா...

குலசிங்கம்: வேற மீன் வந்தது பிறகு. திரும்பவும் வந்து குவிஞ்சது.

ஈஸ்வரி: மோதிரத்தைச் சொல்லுங்கோ.

குலசிங்கம்: நகை ஒண்டும் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போகக் கூடாது. என்ட விரலில இருந்து அது கழரேல்லை. கழட்டவும் மனம் வரேல்லை. அது ஒண்டுதானே உன்ட ஞாபகமா அங்க கிடந்தது. ரெண்டு கையுறை போடுறன்தானே எண்டு மறைச்சுப்போட்டன். ஒரு நாள் மூடியில பட்டுக் கையுறை கிழிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியவே இல்லை.

ஈஸ்வரி: பிறகு?

குலசிங்கம்: வெளிய வாற வாசலில ஒரு மெசின் இருக்கு. அதுக்குள்ள ஏறி நிண்டு கையை வைக்கவேணும். ஒவ்வொரு நாளும் சத்தம் இல்லாமல் விட்டிடும். அண்டைக்கு அடிச்சது. கோயில் மணி மாதிரி இல்லை, கப்பல் ஊதுற மாதிரி. எல்லாரும் விலகி நிண்டாங்கள். என்னோட ஒரே வானில வந்தவங்கள், ஒரே பாணைப் பிச்சுத் திண்டவங்கள், சுவரோட ஒட்டி நிண்டாங்கள்.

ஈஸ்வரி: தங்கத்துரை அண்ணன்?

குலசிங்கம்: அவனும்தான். பிழை சொல்லேல்லை, நானும் அப்பிடித்தான் நிண்டிருப்பன். ஒரு அறைக்குள்ள கொண்டுபோய்க் குளிக்க வார்த்தாங்கள். பிரஸ் போட்டு உரஞ்சினாங்கள். திரும்ப மெசினில ஏத்தினாங்கள். அடிச்சது. திரும்ப உரஞ்சினாங்கள். தோல் சிவந்து தண்ணி கசியுது. அப்பவும் அடிச்சது. பிறகுதான் ஒருத்தன் மோதிரத்தைக் கண்டான். அறுத்து ஒரு பைக்குள்ள போட்டான். நான் கேட்டன், 'கழுவித் தாங்கோ' எண்டு. சைகையாலதான் கேட்டன். ஒரு துருக்கிக்காரப் பெடியன் எனக்கு விளங்கப்படுத்தினான். தர ஏலாதாம். அது இப்ப ஒரு மஞ்சள் பீப்பாவுக்குள்ள கிடக்கு. கையுறை, சப்பாத்து, துடைச்ச துணியள், எல்லாத்தோடயும். சீமெந்து ஊத்தி அடைச்சு எங்கயோ நிலத்துக்குக் கீழ வைப்பாங்களாம்.

ஈஸ்வரி: எவ்வளவு காலத்துக்கு?

குலசிங்கம்: அதையும் கேட்டனான். அவன் கையை விரிச்சான். எங்கட பேரப்பிள்ளையளுக்கும் பேரப்பிள்ளையள் வந்தாலும் அதைத் திறக்கக் கூடாதாம். எங்கட கலியாண மோதிரம் ஈஸ்வரி. உன்ட பேர் வெட்டினது.

ஈஸ்வரி: உங்களுக்கு? உங்களுக்கு என்ன சொன்னாங்கள்?

குலசிங்கம்: டொக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு ஒண்டுமில்லை எண்டார். மோதிரம் போன பிறகு மெசினும் அடிக்கேல்லைத்தான். 'நீ சுத்தம். வீட்டை போ, பிள்ளையைத் தூக்கு.' சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். பொய் சொல்லுற முகமும் இல்லை. ஆனா அடுத்த நாள் வானில ஏற என்ட பேரைக் கூப்பிடேல்லை. அதுக்கடுத்த நாளும் இல்லை.

ஈஸ்வரி: அதுதான் வந்தனீங்கள்.

குலசிங்கம்: அதுதான் வந்தனான். ஒண்டுமில்லை எண்டா ஏன் கூப்பிடேல்லை? ஏதும் இருக்கெண்டா ஏன் சிரிச்சார்? இதையேதான் நாலு மாசமா யோசிக்கிறன். இஞ்ச ஆரிட்டக் கேட்க? இந்தக் கையால மீனை வெட்ட, பிள்ளைக்குச் சோறு தீத்த, உனக்குப் பக்கத்தில படுக்க... மனம் ஏலாதாம் எண்டு நிக்குது.

ஈஸ்வரி: இஞ்ச தாங்கோ கையை.

குலசிங்கம்: வேண்டாம்.

ஈஸ்வரி: தாங்கோ எண்டன்.

குலசிங்கம்: உன்ட கையெல்லாம் உப்பு.

ஈஸ்வரி: உப்புத்தான். ஒண்டும் செய்யாது... இந்த விரலோ?

குலசிங்கம்: ம்.

ஈஸ்வரி: வடிவாத்தானே இருக்கு. தழும்புகூட இல்லை.

குலசிங்கம்: தழும்பு இருந்தா நல்லம் எண்டு சில நேரம் நினைப்பன். பார்த்துக்கொண்டாவது இருக்கலாம்.

ஈஸ்வரி: எனக்குத் தெரியாது அந்த டொக்டர் சொன்னது சரியோ பிழையோ எண்டு. ஆனா சுத்தம் எண்டு சொன்னவர்தானே? நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவம். ரெண்டு பேருமாப் போய்க் கேட்பம். அதுவரைக்கும் இந்தக் கத்தியைப் பிடியுங்கோ.

குலசிங்கம்: ஈஸ்வரி...

ஈஸ்வரி: பிடியுங்கோ. ஆரோ வெள்ளைக்காரி இருக்கிறாள் எண்டு நினைச்சு இந்த நாலு மாசமும் நான் செத்துப் பிழைச்சனான். எனக்கு இப்ப இதைவிடப் பெரிய பயம் இல்லை. வெட்டுங்கோ. ...ஓம், அப்பிடித்தான். முதுகால கீறுங்கோ. மறந்திட்டியளோ?

குலசிங்கம்: மறக்கேல்லை.

ஈஸ்வரி: மலர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீங்கள்தான் சோறு தீத்திறியள்.

குலசிங்கம்: ...ம்.

ஈஸ்வரி: அழாதேங்கோ. உப்புக் கையால கண்ணைத் துடைச்சா எரியும்.

குலசிங்கம்: நெஞ்சில கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கினது போல கிடக்கு. முந்தியே சொல்லியிருக்கலாம்.

ஈஸ்வரி: சொல்லியிருக்கலாம்.

குலசிங்கம்: கதிரவேலை நான் ஏன் மறிச்சன் எண்டு இப்ப விளங்குதோ? பெடியன் உழைக்கக் கூடாது எண்டில்லை. அங்க வேற வேலையும் இருக்கு, சாப்பாட்டுக் கடை, பூக்கடை... ஆனா தங்கத்துரையிட்ட மட்டும் போகக் கூடாது. அவன் இப்ப அந்த வான்காரனுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறான். இளம் பெடியங்களைத்தான் கேட்பாங்கள். ஓட்டைக்குள்ள கெதியா நுழைவாங்கள் எண்டு. அவன் கெட்டவன் இல்லை, கொண்டுபோய் விட்டா ஊர்ப் பெடியனுக்கு உதவி செய்தது எண்டுதான் நினைப்பான்.

ஈஸ்வரி: ...

குலசிங்கம்: உன்ட தம்பியும் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. தலையாட்டுவான். என்னை மாதிரி.

ஈஸ்வரி: ...

குலசிங்கம்: நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம், பேந்து பார்ப்பம். முதல்ல நான் விடிய ரயிலில கொழும்புக்குப் போறன். அவன் நிக்கிற இடத்தைச் சொல்லு. முகத்துக்கு நேர எல்லாத்தையும் சொல்லிக் கையோட கூட்டிக்கொண்டு வாறன்... ஈஸ்வரி? என்ன பேசாமல் இருக்கிறாய்? எங்க நிக்கிறான்? ஆரின்ட வீட்டில?

ஈஸ்வரி: அவன் கொழும்பில இல்லை... நீங்கள் எரிச்சலில மறிக்கிறியள் எண்டு நினைச்சு நான்தான் தங்கத்துரை அண்ணனிட்டக் கேட்டுவிட்டனான். 'அத்தானுக்குச் சொல்லாதை, நீ போய்ச் சேர்ந்தாப் பிறகு நான் சொல்லுறன்' எண்டு அவனை ரயில் ஏத்தி விட்டதும் நான்தான்... முந்தநாள் தந்தி வந்தது. வேலை தொடங்கிட்டானாம். வேற எங்கயும் இல்லையப்பா... நீங்கள் விட்டிட்டு வந்த இடத்துக்குத்தானாம் அவனை எடுத்திருக்கிறாங்கள்.